பகலிலும் விழும் எரிநட்சத்திரம்

இரவில் முற்றத்தில் படுத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். வானத்தில் ஓர் ஒளிக்கோடு சர்ரென்று ஓடும். உடனே மறைந்துவிடும். "எரிநட்சத்திரம் விழுகிறது. யாருக்கோ ஆகாது" என்று சிலர் பயப்படுவார்கள்.

விழுவது நட்சத்திரம் அல்ல. நட்சத்திரம் என்பது சூரியனைப் போன்றது. அது விழுந்தால் பூமி தாங்குமா? விழுவது வெறும் தூசி. பெரும்பாலும் மணல் அளவுதான் இருக்கும். வால் நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றும்போது சிந்திவிட்டுப் போகும் தூசி அது.

ஆனால் அதன் வேகம் பெரிது. விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர். தரைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அது காற்றோடு மோதுகிறது. சூடாகி ஆவியாகிறது. அந்த ஆவியும் காற்றும் மோதும்போது எலக்ட்ரான் என்ற மின்துகள்கள் பிய்ந்து சிதறுகின்றன. இப்படி மின்துகள்கள் நிறைந்த வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். வெல்டிங் பட்டறையில் கண் கூசும் வெளிச்சம் வருகிறதே, அதுவும் பிளாஸ்மாதான்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி கேட்கும். ரேடார் குரலுக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புகிறது. தூசி போன வழியில் உள்ள பிளாஸ்மா அதைத் திருப்பி அனுப்புகிறது. 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும்.

ரேடாருக்கு இருட்டு வேண்டாம். மேகமும் தடை இல்லை. இங்கிலாந்தில் ஜோட்ரெல் பேங்க் என்ற இடத்தில் பெர்னார்டு லவெல் என்ற விஞ்ஞானி, போரில் பயன்பட்ட ரேடாரை வைத்து வானத்தை ஆராய்ந்தார். 1947-இல் அவர் குழுவினர் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். பட்டப்பகலிலும் எரிநட்சத்திர மழை பொழிகிறது! சூரிய வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்துள்ளது. ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே காதங்கி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில் பெரிய ரேடார் அமைத்தார்கள். சுமார் நான்கு ஏக்கர் நிலத்தில் 1024 ஆண்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. முன்பு வீட்டுக் கூரைகளில் நின்ற டிவி ஆண்டெனா போன்றவைதான்.

தூசியைப் பார்த்து என்ன பயன்? களத்தில் நெல் தூற்றுபவர் ஒரு பிடி பதரைக் கையிலிருந்து விட்டுப் பார்ப்பார். அது போகும் பக்கம்தான் காற்றின் பக்கம். வானத்திலும் அப்படியே. பிளாஸ்மா கோடு கலையும் முன் காற்றில் நகர்கிறது. அதை வைத்து அந்த உயரத்துக் காற்றின் திசையையும் வேகத்தையும் அளக்கிறார்கள். அவ்வளவு உயரத்துக்குப் பலூன் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றவும் முடியாது.

ரேடார் காட்டிய இன்னொரு விஷயம்: மாலையைவிட விடியற்காலையில்தான் அதிகத் தூசி விழுகிறது. மழையில் சைக்கிளில் போனால் முதுகைவிட மார்புதான் அதிகம் நனையும். பூமியும் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் நாம் அதன் முன்பக்கத்தில் இருக்கிறோம்.