சொல் கேளாத கால்

நம் பங்கைச் சேர்ந்த 68 வயது மூதாட்டி ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. நற்கருணை வழங்க நாம் அவரது இல்லம் சென்றபோது கட்டிலிலேயே படுத்திருந்தார். முழங்காலுக்கடியில் ஒரு தலையணை. "பழைய வலி போய்விட்டது, சாமி. ஆனால், தூக்கினால் கால் என் சொல்லைக் கேட்கவில்லையே!" என்று கண் கலங்கினார். "அம்மா அசையவே வேண்டியதில்லை, எல்லாம் கட்டிலுக்கே வந்துவிடும்" என்றார் மகன், சற்றுப் பெருமையோடு.

அன்பார்ந்த வாசகர்களே, இத்தகைய அன்பில்தான் ஆபத்து உள்ளது.

மருத்துவர் மாற்றுவது தேய்ந்த மூட்டின் பரப்பை மட்டுமே. காலை நீட்டி நிமிர்த்துவது தொடையின் முன்புறத் தசை. பல்லாண்டுகள் வலிக்கு அஞ்சி நடந்ததால் அது முன்னரே மெலிந்திருக்கும். சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் அதன் வலிமை பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. தசை மெலிவது மட்டும் இதற்குக் காரணமன்று. வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் செய்திகள், தசைக்குரிய கட்டளையைத் தண்டுவடத்திலேயே தடுத்துவிடுகின்றன. மூதாட்டி கூறியது எழுத்துக்கு எழுத்து உண்மை!

அத்தசையை எழுப்பப் பயிற்சி வேண்டும். காலை நீட்டித் தொடையை இறுக்கிச் சில நொடிகள் நிறுத்துதல், குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குதல், பிறர் துணையோடு நடத்தல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். முழங்காலுக்கடியில் தலையணை சுகமாயிருக்கும். ஆனால், மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். குதிகாலுக்கடியில் வைப்பதே முறை.

படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையவும் கூடும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காயத்தில் சீழ் கண்டாலோ நாளைக்கெனத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கோவிலில் முழந்தாட்படியிடலாமா என்று பலர் நம்மைக் கேட்கின்றனர். மருத்துவர் இசைந்தால் பெரும்பாலும் கேடில்லை. ஆனால் தழும்பருகே தோல் மரத்திருப்பதால் பலருக்கு அது நோவாயிருக்கும். அவர்கள் அமர்ந்தே செபிக்கட்டும், குற்றவுணர்வு வேண்டாம்.

மகன் அன்றே தலையணையை எடுத்துவிட்டார். மூன்று மாதங்களுக்குப்பின் ஒரு ஞாயிறு, மூதாட்டி கைத்தடியுடன் நல்ல காலை முதலில் வைத்துக் கோவில் படியேறினார். நாம் கைகொடுக்கப் போனோம், வேண்டாம் என்றுவிட்டார்.