சோபாவும் இத்தாலியச் சொல்லும்

வடக்கு லண்டனின் எட்மண்டனில் 2005 பெப்ரவரியில் ஐக்கியா கடை நள்ளிரவில் திறக்கப்பட்டபோது, 45 பவுண்ட் சோபாவுக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அந்தக் கடை 2022ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. இப்போது பலரும் சோபாவைத் தொட்டுப் பார்க்காமல், இணையத்தில் உள்ள விவரக்குறிப்பை நம்பியே வாங்குகின்றனர்.

இத்தாலியிலிருந்து வரும் அறைகலன்களில் இந்த விவரக்குறிப்பின் மொழிபெயர்ப்பே சிக்கலாகிறது. 'ஸ்டீலே லிபர்ட்டி' என்பது சுதந்திர பாணி அல்ல. லண்டனில் 1875இல் ஆர்தர் லிபர்ட்டி தொடங்கிய கடையின் பெயரால் இத்தாலியர்கள் அழைக்கும் இப்பாணியை ஆங்கிலேயர்கள் 'ஆர்ட் நூவோ' என்பர். லண்டனில் பிறந்த பெயர் லண்டனுக்கே திரும்பி வருகையில் புரியாமல் போவது விந்தைதான்.

ஆனால் வாங்குபவரின் பணத்துக்கு உலை வைப்பது 'எகோபெல்லே' என்ற சொல். 'பெல்லே' என்றால் தோல். எனவே இதைச் 'சூழலுக்கு உகந்த தோல்' என்று பெயர்த்தால் அசல் தோல் என்றே தோன்றும். இத்தாலியக் கடைகளிலோ அது பெரும்பாலும் செயற்கைத் தோலையே குறித்து வந்தது. விலங்குத் தோல் அல்லாத பொருட்களுக்கு 'பெல்லே' என்ற சொல்லை முன்னொட்டுடன்கூடப் பயன்படுத்தக் கூடாது என இத்தாலி 2020இல் சட்டம் இயற்றியது. அசல் தோலைக் குறிப்பது 'வேரா பெல்லே'. தோற்பொருளைத் தவிர்க்கும் சைவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய சொல் இது.

விவரிப்புக்கு மாறான பொருளை வணிகர் அனுப்பினால், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பக் கோரலாம்.