மஞ்சள் விளக்கும் புகைச் சான்றிதழும்

குர்லாவில் நம் அன்பர் ஒருவர் பெட்ரோல் வேனில் மாட்டுங்கா, செம்பூர்க் கடைகளுக்கு இட்லி மாவு கொண்டுசென்று பிழைக்கிறார். வண்டி ஒரு நாள் நின்றால் மாவு புளித்துவிடும். புகைச் சான்றிதழ் முடிய நான்கே நாட்கள் இருக்கையில், எஞ்சின் உருவம் கொண்ட மஞ்சள் விளக்கு எரியலாயிற்று. சான்றிதழின்றி அகப்பட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்றாராம் ஒரு பட்டறைக்காரர். அன்பர் எம்மிடம் வந்தார். ரயில்வே குமாஸ்தாவான நாம் வேறென்ன சொல்வோம்? சிக்னல் விளக்கைக் கழற்றினால் பாதை திறந்துவிடுமா! அழிவது கருவியின் நினைவிலுள்ள குறிப்பே. பழுது அப்படியே இருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இத்தந்திரம் சோதனையிலேயே பிடிபடும். இங்கே புகைக்குழாயில் குழல் செருகி வாயுவை அளக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்தைத் தாண்டலாகாது.

வேறு பட்டறையில் ஸ்கேனர் பொருத்திப் பார்த்ததில் ஆக்ஸிஜன் சென்ஸார் கெட்டிருந்தது. அது கெட்டால் பெட்ரோல் மிகுதியாகச் சென்று அந்த அளவு ஏறக்கூடும். புதிது மாட்டினார். ஒரு நாள் வியாபாரம் போயிற்று. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் சோதனைக்கு விட்டார், தேறிற்று.

விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, அன்பர்களே, வண்டியை உடனே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகை வடிக்கும் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலை சென்ஸாரைவிடப் பன்மடங்கு.