அம்மாவின் கத்திக்கு எந்தச் சாணைக்கல்?

இந்த மாதம் திருப்பூர்க் குழந்தை ஒருத்தியின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். வீட்டுக் கத்தியோ தக்காளியை அறுப்பதில்லை, நசுக்குகிறது. தீபாவளிக்கு அம்மாவுக்குக் கத்தி தீட்டும் கருவி வாங்கித் தரக் காசு சேர்த்திருக்கிறாளாம். கடையில் நாலைந்து தினுசு இருக்கின்றன, எதை வாங்குவது என்று கேட்கிறாள்.

சபாஷ் கண்ணு! புடவை வாங்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றிவிடும். அம்மாவின் கை தினமும் எதோடு மல்லுக்கட்டுகிறது என்று கவனித்தாயே, விஞ்ஞானிக்கு வேண்டிய கண் அதுதான். உன்னை வெறும் கையோடு கடைக்கு அனுப்ப மாட்டேன். முதலில் கத்தி ஏன் வெட்டுகிறது என்று பார்ப்போம்.

ஒரு மாங்காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். ஒன்றும் ஆகாது. அதே பலத்தோடு ஒரு குண்டூசியை அழுத்து. சுருக்கென்று இறங்கிவிடும். உன் பலம் கூடவில்லை. அது விழும் இடம்தான் சிறுத்துவிட்டது. இடம் சிறுத்தால் அழுத்தம் ஏறும். கத்தியின் வேலையும் இதுதான். உன் கையின் பலத்தை மிக மெல்லிய ஒரு கோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எவ்வளவு மெல்லிய கோடு? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். உன் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் கீழே. அது தேய்ந்து, மடங்கி, புதிதாகச் சீவிய பென்சில் ஒரு பக்கம் எழுதியதும் மொழுக்கையாகிறதே, அப்படி ஆகிவிடுகிறது. பிறகு தக்காளித் தோல் கிழிவதற்குள் உள்ளே இருக்கும் சதை நசுங்கிவிடுகிறது. இதுவரை புரிகிறதா? புரியாவிட்டால் அந்த மாங்காயை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

மொழுக்கையான விளிம்பை மறுபடி கூராக்க, அதன் இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். இரண்டு சாய்வும் சந்திக்கும் இடத்தில் புதுக் கூர் பிறக்கும். எஃகைத் தேய்க்க வேண்டுமானால் எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும் அல்லவா? ஃபிரெட்ரிக் மோஸ் என்கிற ஜெர்மானியர் 1812-ல் தாதுக்களைக் கடினத்தின்படி வரிசை வைத்தார். எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. மாக்கல் 1. வைரம் 10. கத்தி எஃகு ஆறுக்கு அக்கம்பக்கம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. குருந்தக்கல் 9.

குருந்தக்கல் எங்கே கிடைக்கும் என்று கேட்பாய். உன் மாவட்டத்திலேயே கிடைக்கும் அம்மணி! காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறதே, ஆண்டவன் உத்தரவுப் பெட்டி வைத்திருக்கிற முருகன் கோயில், அந்த மலைப் பாறைகளில் குருந்தம் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901-லேயே அந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். உலகத்துப் பாறை நூல்களில் சிவன்மலையின் பேர் இருக்கிறது. படி ஏறும்போது பாறையையும் ஒரு பார்வை பார்.

இன்னொரு சங்கதி. மாணிக்கமும் நீலக்கல்லும்கூடக் குருந்தம்தான். துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். நொய்யல் ஆற்றங்கரையில், திருப்பூருக்குக் கிழக்கே, கொடுமணல் என்று ஓர் ஊர். அங்கே நடந்த அகழாய்வில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மணிகள் செய்யும் பட்டறைகளும், நீலக்கல் துண்டுகளும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. எஃகையும் கல்லையும் தேய்க்கத் தெரிந்த கைகள் உன் ஆற்றங்கரையில் அந்தக் காலத்திலிருந்தே இருக்கின்றன.

தெருவில் சைக்கிளோடு வரும் சாணை பிடிக்கிறவரைப் பார்த்திருப்பாய். பழைய நாளில் அந்தச் சக்கரத்தைக் குருந்தப் பொடியும் அரக்கும் சேர்த்துத்தான் வார்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் செயற்கைக் கற்கள். அமெரிக்காவில் எட்வர்டு ஆச்சிசன் 1891-ல் மின்சார உலையில் களிமண்ணையும் கரியையும் சூடாக்கினார். அவர் தேடியது வைரம். கிடைத்தது சிலிக்கன் கார்பைடு, குருந்தத்தைவிடவும் கடினம். நம் சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி இப்படிப்பட்ட சாணைப் பொருள்களைச் செய்கிறது.

சாணைச் சக்கரத்திலிருந்து தீப்பொறி பறக்கிறதே, அது என்ன? கல் பிய்த்தெடுத்த எஃகுத் துணுக்கு. உராய்வில் பழுத்து, காற்றில் பட்டு எரிகிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சூடு கத்திக்கு ஆகாது. விளிம்பு நீலம் பாரிக்கும் அளவுக்குச் சுட்டுவிட்டால் எஃகு இளகிப்போகும், கூர் நிற்காது. அதனால்தான் அனுபவசாலிகள் நடுநடுவே கத்தியைத் தண்ணீரில் தொட்டு எடுக்கிறார்கள்.

இனி உங்கள் ஊர் கட்டிங் டேபிளுக்குப் போவோம். கூர் என்றால் என்ன என்பதை அங்கேதான் நன்றாகப் பார்க்க முடியும். துணியை அடுக்கடுக்காக விரித்து லே போட்டிருப்பார்கள். கட்டிங் மாஸ்டர் ஈஸ்ட்மேன் மாதிரி மிஷினைக் கோட்டின் மேல் நகர்த்துவார். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1888-ல் பிறந்த கம்பெனியின் பேர் அது. நெட்டுக்குத்தாக நிற்கும் ஒல்லிக் கத்தி நிமிடத்துக்குச் சுமார் 3,000 தடவை மேலும் கீழும் ஓடும். கூர் கொஞ்சம் குறைந்தாலும் பனியன் துணி இழுபடும். மேல் அடுக்கு ஒரு அளவு, கீழ் அடுக்கு ஒரு அளவு என்று ஆகிவிடும். பாலியெஸ்டர் துணியாக இருந்தால் உராய்வுச் சூட்டில் ஓரங்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே அந்த மிஷினிலேயே சாணையும் இருக்கிறது. மாஸ்டர் ஒரு விசையை அழுத்துவார். எமரி என்கிற சாணைப்பொடி ஒட்டிய பட்டைகள் கத்தியின் இரண்டு பக்கமும் உரசியபடி மேலிருந்து கீழே இறங்கி ஏறும். சில நொடிதான். அதற்குள் புதுக் கூர். அவர் ஒரு கையில் இரும்பு வளையங்கள் கோத்த கையுறை போட்டிருப்பதையும் கவனி. இத்தனை கூரோடு பழகுகிறவர் அதற்குத் தரும் மரியாதை அது. உன் மாமா யாராவது கட்டிங் மாஸ்டராக இருந்தால் அவருக்கு இந்தப் பரிசு வேண்டாம், அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது!

சரி, கடைக்குள் போகலாமா?

முதலில் கண்ணில் படுவது இழுப்பான். இரண்டு சின்னக் கட்டைகள் வி வடிவில் நிற்கும், நடுவில் கத்தியை விட்டு இழுக்க வேண்டும். சுலபம், மலிவு. ஆனால் அது எஃகை இழைப்பதைவிடச் சுரண்டுவதே அதிகம். விளிம்பு கரடுமுரடாகும். கத்தி சீக்கிரம் ஒடுங்கும். எனக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. மின்சாரக் கருவி உண்டு. ஒரு வீட்டின் ஒரே கத்திக்கு அது தேவையே இல்லை, வேகமாக அதிக எஃகைத் தின்றுவிடும்.

நான் உனக்குச் சொல்வது இருபக்கச் சாணைக்கல். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைசு. அதில் எண் போட்டிருக்கும். சல்லடை வலையில் ஒரு அங்குல நீளத்துக்கு எத்தனை ஓட்டை என்பதிலிருந்து வந்த கணக்கு அது. எண் கூடினால் பொடி நைசு. கரடுப் பக்கம் சாய்வை உண்டாக்கும். நைசுப் பக்கம் கீறல்களை அடக்கும். சமையல் கத்திக்கு 400-க்குப் பக்கத்தில் ஒரு பக்கம், 1000 மறுபக்கம் இருந்தால் போதும். வாங்கும்போது உன் ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்து, கல் பள்ளமில்லாமல் சமமாக இருக்கிறதா என்று பார்.

வாங்கும் முன் வீட்டில் ஒரு வேவு வேலை பாக்கி இருக்கிறது. அம்மா எதில் நறுக்குகிறார்? அரிவாள்மனை என்றால் அதன் வளைவு தட்டைக் கல்லில் சரியாகப் படியாது, சாணைக்காரரிடம் கொடுப்பதே மேல். கத்தியில் ரம்பப் பல் இருக்கிறதா? அதையும் இந்தக் கல்லில் தேய்க்கக் கூடாது. அம்மா கம்பெனியில் பிசிறு வெட்டும் கத்தரியையும் கல்லில் போட்டுவிடாதே! கத்தரியின் இரண்டு அலகும் உட்பக்கம் தட்டையாக, ஒன்றை ஒன்று உரசியபடி போனால்தான் நூல் அறுபடும். உட்பக்கத்தைத் தேய்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து, நூல் மடங்கி உள்ளே நுழைந்துகொள்ளும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் அம்மாவின் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, தீட்டிக்கொள்ளுங்கள் என்றால் அவருக்கு இன்னொரு வேலை சேர்ந்துவிடும். கல்லோடு தீட்டும் உழைப்பும் சேர்ந்துதான் பரிசு. அதனால் அப்பாவையோ மாமாவையோ கூட்டுச் சேர்த்துக்கொள். கத்தியைப் பிடிப்பது பெரியவர் வேலை. கணக்குப் பார்ப்பது உன் வேலை.

என்ன கணக்கு? சாய்வின் கோணம். சமையல் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. பாகைமானி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ 15 டிகிரி. ஸ்கேலால் அளந்து, அந்த உயரத்துக்கு அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக் கொடு. பெரியவர் அதைப் பார்த்துக் கையைச் சரிசெய்துகொள்ளட்டும். கடைசி வரை அந்தக் கோணம் மாறக் கூடாது, ரகசியமே அவ்வளவுதான்.

கல்லை ஈரத்துணி மேல் வைத்தால் நழுவாது. தண்ணீர் விட்டு, கரடுப் பக்கத்தில் ஒரு பக்கமாகத் தேய்க்கச் சொல். கல்லில் கறுப்புச் சேறு ஊறும். அதில் இருப்பது பிரிந்து வந்த எஃகுத் துகளும் கல் பொடியும். சற்று நேரத்தில் விளிம்பின் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு எழும். அது எழுந்துவிட்டால் சாய்வு விளிம்பு வரை வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கம். அப்புறம் நைசுப் பக்கத்தில் லேசான கையோடு மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு உதிரும். சோதனைக்கு விரல் வேண்டாம், ஒரு நாளிதழ்த் தாளைத் தொங்கவிட்டு வெட்டச் சொல். சர்ரென்று போனால் சரி. எங்கே தட்டுகிறதோ அந்த இடம் மட்டும் இன்னொரு முறை கல்லுக்குப் போகட்டும்.

கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல். கல்லை நிழலில் காயவை. அம்மாவிடம் கத்தியைக் கையில் நீட்டாமல், கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி சமையல் மேடையில் பெரியவர் வைக்கட்டும். கூடவே, இன்று தீட்டியிருக்கிறது என்று நீ வாய்விட்டுச் சொல்லிவிடு. இத்தனை நாள் மொண்ணைக் கத்தியை அழுத்தி அழுத்திப் பழகிய கை அது. முதல் தக்காளியை அவர் மெதுவாகவே நறுக்கட்டும்.