ஓணானும் கருவிழியும்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிஎச்.டி. செய்யப் போகும் பிள்ளைகள் கைடு தேடும்போது இப்போது முதலில் பார்ப்பது எச்-இன்டெக்ஸை. "அந்த சாருக்கு 12, இந்த மேடத்துக்கு 25" என்று வீட்டில் வந்து சொல்கிறார்கள். பெற்றோருக்கு அது மார்க் என்றே படுகிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

ஓர் ஆய்வாளர் தன் கட்டுரையின் கடைசியில், தான் யார் யாருடைய வேலையைப் பயன்படுத்தினார் என்று பட்டியல் தருவார். அதில் உங்கள் கட்டுரை வந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். இவற்றையெல்லாம் திரட்டி யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1964-இல் பெரிய அட்டவணையாக வெளியிட்டார். ஒரு கருத்து எங்கே தொடங்கி யார் யாரிடம் போனது என்று தேடிப் பிடிக்கத்தான் அது பிறந்தது. ஆளை எடைபோடும் வழக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து வரிசையாக அடுக்குங்கள். 12 கட்டுரைகளுக்குத் தலா 12 மேற்கோளாவது இருந்து, 13-வதற்கு 13 இல்லையென்றால், அவருடைய எண் 12. அவ்வளவுதான்.

இப்போது ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். வி. ஆர். முத்துக்கருப்பன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆராய்ச்சியை வளர்த்த முன்னோடி. 1979-இல் ராபர்ட் ஆவர்பாக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். எலியின் கருவிழியில் புதிதாக ரத்தக்குழாய் முளைப்பதைக் கண்ணால் பார்த்து அளக்கும் முறை அது. கருவிழியில் இயல்பாக ரத்தக்குழாயே கிடையாது. அது கண்ணாடியாகத் தெளிந்திருக்க அதுவும் ஒரு காரணம். அங்கே ஒரு குழாய் தெரிந்தால் அது புதிதாக வந்ததுதான், சந்தேகமே இல்லை. முன்பு இதை முயலின் கண்ணில் செய்தார்கள். எலி என்றால் செலவு குறைவு, மரபணு ஒத்த எலி வகைகளும் கிடைக்கும். புற்றுநோய்க் கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தை எப்படி இழுத்துக்கொள்கிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு இந்த முறை தேவைப்பட்டது. எடுத்தாண்டவர்கள் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன், 1977-இல், ஆர். எம். பிச்சப்பன் என்ற இளைய ஆய்வாளரும் முத்துக்கருப்பனும் எழுதிய கட்டுரை ஓணானைப் பற்றியது. ஆமாம், நம் கருவேலங்காட்டில் தலையாட்டும் அதே ஓணான். அதன் மண்ணீரலில் எந்தெந்தப் பகுதி தைமஸ் சுரப்பியை நம்பி இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். பாலூட்டிகளுக்கு வெளியே நோயெதிர்ப்பு எப்படி அமைந்திருக்கிறது என்ற கேள்வி எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. ஆனால் ஊர்வனவின் நோயெதிர்ப்பைப் படிப்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். கேட்க ஆள் குறைவான இடத்தில் மேற்கோளும் குறைவாகத்தான் சேரும். மூளையும் உழைப்பும் இரண்டு கட்டுரைக்கும் ஒன்றுதான்.

முறை சொல்லும் கட்டுரைக்கு மேற்கோள் குவிவது உலக வழக்கம். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க ஆலிவர் லவுரி 1951-இல் எழுதிய செய்முறைதான் உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது.

முத்துக்கருப்பன் பின்னாளில் மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் வேலை செய்தார். 2005-இல் அங்கிருந்து வந்த ஒரு கட்டுரை பட்டாசு செய்யும் சிவகாசிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில் ஸ்டெம் செல்கள் உண்டு. கருவிழியின் மேல்தோல் தேயத்தேய அவைதான் புதுப்பிக்கின்றன. சூடோ ரசாயனமோ பட்டு அந்த விளிம்பு கருகினால், வெள்ளைப் பக்கத்துத் தோலும் ரத்தக்குழாயும் கருவிழிமேல் ஏறி, பார்வை மங்கும். 1979-இல் எலியின் கண்ணில் வேண்டுமென்றே முளைக்க வைத்த குழாய், பட்டாசு மருந்து தீப்பற்றிய விபத்தில் மனிதர் கண்ணில் தானாகவே வரும்.

அந்த ஸ்டெம் செல்களைச் சுற்றியுள்ள மற்ற செல்களிலிருந்து பிரித்து அடையாளம் காண்பது கடினம். பி63 என்ற புரதம் மிகுந்து, செல்லின் அளவோடு பார்க்கும்போது உட்கருவும் பெரிதாக இருந்தால் அதை ஸ்டெம் செல்லாகக் கணக்கில் எடுக்கலாம் என்று அந்தக் கட்டுரை காட்டியது. ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கலாம். இரண்டும் போனால் வேறொருவருடையதை வைக்கலாம். அப்போது உடம்பு அதை அந்நியமென்று தள்ளாமலிருக்க நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து தேவை. நோயெதிர்ப்பியல் நம் ஊர்க் கண்ணுக்குள் வந்து நிற்கும் இடம் இது. விபத்தில் அடிபட்ட கண்ணோடு மதுரைக்குப் போகிறவர் யாருக்கும் மேற்கோள் எழுதுவதில்லை. அவர் பெறும் பலன் எந்த அட்டவணையிலும் ஏறாது.

எண்ணைப் பார்க்காதே என்று பிள்ளைகளிடம் நான் சொல்லமாட்டேன். கணிதக்காரரின் எண்ணை நோயெதிர்ப்பியல்காரரின் எண்ணோடு ஒப்பிடாதே, இளையவருடையதை ஓய்வுபெறப் போகிறவருடையதோடு ஒப்பிடாதே என்பேன். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மூன்று கட்டுரைகளைத் திறந்து, மேற்கோள் காட்டியவர்கள் அவற்றை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று படிக்கச் சொல்வேன். அந்த கைடோடு சேர்ந்து எழுதிய இளையவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்றும் விசாரிக்கச் சொல்வேன். உதாரணத்துக்கு, ஓணானில் தொடங்கிய பிச்சப்பன், தென்னிந்தியரில் சிலருக்கு மட்டும் காசநோய் ஏன் எளிதாகப் பற்றுகிறது என்பதை மரபு வழியாகத் தேடி, 1991-இல் சக ஆய்வாளர்களோடு கட்டுரை வெளியிட்டார்.