உள்ளங்காலையும் பாருங்கள்

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால் ஆஸ்திரேலியாவில் காண்கிற அளவுக்கு இந்நோய் இங்கே இல்லை. ஆனால் வெயிலே படாத இடத்தில் கிளம்பும் புற்றுக்கு மெலனின் என்ன செய்துவிடும்? தோல் புற்றுகளில் மிகக் கொடியதான மெலனோமா, கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோதான் வருகிறது.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு அப்படித்தான் வந்தது. 1977இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா இருப்பது தெரிந்தது. கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்திருந்தார். விரலை எடுத்துவிட மருத்துவர்கள் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. நோய் மூளை வரை பரவி, 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தபோது வயது 36.

அடிபட்ட நகத்தையும் புற்று பிடித்த நகத்தையும் எப்படிப் பிரித்தறிவது? கல்லில் இடித்துக்கொண்டு கட்டிய ரத்தம், நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். வேர்ப் பக்கம் தெளிந்த நகம் முளைத்து வரும். கால் நகம் மெதுவாகவே வளரும் என்பதால் முழுதும் தெளிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஆனாலும் நகர்வது தெரியும். மெலனோமாவின் கறுப்புக் கோடு அப்படி நகராது. வேரிலிருந்து நுனிவரை நீண்டு நின்று, நாளாக ஆக அகலமாகும். அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலிலும் படர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்த அடையாளம் இது. அதற்காகக் கோட்டைக் கண்டதுமே கலங்க வேண்டியதில்லை. நம் நிறத்தவருக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு விரலில், நடுத்தர வயதுக்கு மேல், புதிதாகத் தோன்றும் கோடுதான் கவலைக்குரியது.

உள்ளங்காலில் இன்னொரு ஆபத்து, மெலனோமா கால் ஆணி போலவே தோன்றுவது. பிளேடால் சீவுகிறோம், மருந்துக்கடை பிளாஸ்திரியை ஒட்டுகிறோம், மாதங்கள் ஓடிவிடுகின்றன. சில மெலனோமாக்களில் கறுப்பே இருக்காது. சிவந்த சதைத் திரளாக, தொட்டால் ரத்தம் கசியும். மற்ற இடங்களில் உள்ள மச்சத்தில் இரு பாதியும் ஒத்துப்போகாமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறக் கலப்பு, 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், எல்லாவற்றுக்கும் மேலாக அண்மையில் ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

தழும்புகளையும் மறக்கக் கூடாது. சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் வடு, பல பத்தாண்டுகள் கழித்துப் புண்ணாகிப் புற்றாக மாறுவதுண்டு. குளிருக்குக் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காஷ்மீரிகளுக்கு வயிற்றிலும் தொடையிலும் இது வருகிறது. சூடு மட்டுமல்ல, ஓயாத இறுக்கமும் காரணமாகலாம்: வேட்டி இறுக்கும் இடுப்பில் வரும் புற்றை மும்பையின் மருத்துவர் கனோல்கர் 1945இல் பதிவு செய்தார். பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் இறுக்கியதால் கறுத்துத் தடித்துப்போன இடுப்பில் பெண்களுக்கும் அரிதாக இதே புற்று வருகிறது. அங்கே ஒரு புண் வந்து ஆறவில்லை என்றால் கூச்சப்படாமல் காட்ட வேண்டும். அகலமான பட்டை நாடாவுக்கு மாறுவதும், கட்டும் இடத்தைச் சற்று மாற்றுவதும் எளிய காப்பு.

மெலனோமாவில் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் ஆழம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயத்தில் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. கத்தி பட்டதால் அது பரவுவதில்லை. கவனிக்காமல் விடுவதால்தான் பரவுகிறது.

நகம் வெட்ட உட்காரும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒருமுறை பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களின் பாதங்களை வீட்டில் உள்ள இளையவர்கள் பார்க்கட்டும். நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணோ மாறிவரும் கறுப்போ தெரிந்தால், களிம்பு தடவிக் காத்திராமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள்.