கிழங்குக் கணக்கில் கை வைத்தது யார்?

ராசிபுரம் வட்டாரத்தில் மரவள்ளிக்கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுச்சத்துப் புள்ளியையும் பார்த்துத்தான் டன்னுக்கு விலை. ஒரு சேகோ ஆலையின் லினக்ஸ் சர்வரில், 28 ஆக இருந்த புள்ளி ராத்திரியோடு ராத்திரியாக 26 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாற்றியது யார்?

இதற்கென்றே லினக்ஸின் கெர்னலில் தணிக்கை வசதி இருக்கிறது. கெர்னல் கவனிப்பதை ஆடிட்-டி என்ற சேவை பதிவேட்டில் எழுதும். எதைக் கவனிப்பது என்ற விதியை நாம்தான் எழுத வேண்டும். நிறுவியதோடு விட்டால் லாகின், சூடோ போன்ற சில நிகழ்வுகள் மட்டுமே பதிவாகும்.

விதி ஒரே வரிதான்: எந்தக் கோப்பு, அதில் எந்தச் செயல், பிறகு தேடி எடுக்க ஓர் அடையாளச் சொல். பாஸ்வேர்டு கோப்பு, சூடோ அனுமதிக் கோப்பு, கிழங்குக் கணக்கு இருக்கும் அடைவு, தணிக்கை விதிகள் இருக்கும் அடைவு ஆகியவற்றில் யார் எழுதினாலும் பதிவு செய் என்றால் தொடக்கத்துக்குப் போதும். ஆர்வக்கோளாறில் சர்வர் முழுவதையும் கவனிக்கச் சொன்னால் அது திணறும், பதிவேட்டில் வேண்டியதும் அகப்படாது. கடைசி வரியாக ‘மைனஸ் ஈ 2’ போட்டால், சர்வரை மறுதொடக்கம் செய்யாமல், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாலும் விதியை மாற்ற முடியாது.

பதிவில் ஏயூஐடி என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லாகின் செய்தவரின் எண் அது. அவர் சூடோ போட்டு ரூட் ஆனாலும் மாறாது. ஆனால் நம்மூர் ஆபீஸ்களில் வழக்கமாக நடப்பதுபோல எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் ரூட்டாகவே நுழைந்தால், யார் செய்தாலும் அங்கே 0 தான் நிற்கும். விதி எழுதுமுன் ஆளுக்கொரு பயனர் கணக்கு கொடுங்கள்.

கிழங்குக் கணக்கு டேட்டாபேஸில் இருந்தால், எழுதியது டேட்டாபேஸ் சேவை என்று மட்டுமே கெர்னலுக்குத் தெரியும். எந்த வரியை எந்த குமாஸ்தா திருத்தினார் என்பதை மென்பொருளின் எடிட் லாக்தான் சொல்லும். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் அது இருந்தே ஆக வேண்டும், அணைக்கவும் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். மென்பொருளைத் தாண்டி டேட்டாபேஸுக்குள் நேரடியாக நுழைபவரைப் பிடிக்கத்தான் தணிக்கை விதி. டேட்டாபேஸ் கிளையண்டை யார் இயக்கினாலும் பதிவாகும்படி ஒரு வரி சேர்க்கலாம்.

பதிவேட்டின் அளவையும் பாருங்கள். பொதுவாக ஆடிட்-டி 8 எம்பி கோப்புகள் 5 மட்டுமே வைத்திருக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவோ, நிறுவனங்கள் லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அதனால் கோப்பின் அளவு, எண்ணிக்கை இரண்டையும் உயர்த்துங்கள், நகலை வேறொரு மெஷினுக்கும் அனுப்புங்கள். ஏனென்றால், ரூட் ஆனவர் நினைத்தால் சர்வரில் உள்ள பதிவேட்டையே அழித்துவிடலாம்.